வாளியும் சொம்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெயரும் ஊரும் போடாமல் பத்திரிகையிலேயே பதில் எழுதலாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

மற்றவர்களுக்காக நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போனீர்கள். ஒரு பெரிய ஐந்து நட்சத்திர ஓட்டலில் நான்கு நாள் தங்கினீர்கள். ஷவரில் குளித்துப் பழக்கமில்லை என்று வாளியும் சொம்பும் கேட்டீர்கள். தேடி எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. எட்டு மாதம் கழித்து மறுபடி அதே ஓட்டல். இந்த முறை கதவைத் திறந்தால், குளியலறையில் வாளியும் சொம்பும் துடைத்து வைத்திருக்கிறது. கட்டிலில் போன தடவை இருந்த நான்கு தலையணைகளில் மூன்றைக் காணோம். இரவு போனில் தயிர்சாதம் சொன்னால், எதிர்முனையில் ஒரு பையன், ‘தாளிக்காமல்தானே அம்மா?’ என்கிறான்.

உங்களுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, இவர்களுக்கு என்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் தெரியுமோ என்று. ‘இது பிரியமா, வியாபாரமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும்தான் என்று சொன்னால் கடிதம் இந்த வரியோடு முடிந்துவிடும். எழுத வருவதற்கு முன் பல வருடம் ஓட்டல் தொழிலில் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள். விருந்தோம்பல் என்றதும் வள்ளுவரைக் கூப்பிடும் வழக்கம் நமக்கு உண்டு. அவரை இன்று தொந்தரவு செய்யப்போவதில்லை. அவர் சொன்னது வீட்டுக்கு வரும் விருந்தாளியை. இங்கே விருந்தாளி கிளம்பும்போது பில் வரும்.

முதலில், அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது. மாயம் ஒன்றுமில்லை. நீங்கள் வாளி கேட்ட போனை ஹவுஸ்கீப்பிங் மேசையில் ஒரு பெண் எடுத்துக் குறித்திருப்பாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன், மூன்று தலையணைகள் சோபாவில் கிடப்பதைப் பார்த்திருப்பான். ஒரு நாள் கிடந்தால் விட்டுவிடுவான், இரண்டு நாள் கிடந்தால் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பழக்கியிருப்பார்கள். பழத்தட்டில் வாழைப்பழம் மட்டும் தீர்ந்து, ஆப்பிள் வைத்தது வைத்தபடி இருந்தால் அதையும் கவனிப்பான். கட்டிலில் எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்பதை விரிப்பின் சுருக்கமே சொல்லிவிடும். இதெல்லாம் ‘கெஸ்ட் ப்ரொஃபைல்’ என்று கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பக்கத்தில் போய்ச் சேரும். நீங்கள் மறுபடி வருவதற்கு முந்தின நாள், வரப்போகிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பார். காலையில் நின்றபடியே பத்து நிமிடம் நடக்கும் ப்ரீஃபிங்கில் வாசிப்பார்கள்: ‘ரிபீட் கெஸ்ட், வாளி, சொம்பு, ஒரு தலையணை.’ நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, உங்கள் வீட்டுக்கு எந்த அரிசி போகும் என்று தெரிந்து வைத்திருப்பாரே, அதே சங்கதிதான். அவருக்கு ஐம்பது வீடு, எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். இவர்களுக்கு நூற்றுக்கணக்கில் அறைகள், தினமும் ஆள் மாறும். அதனால் எழுதி வைக்கிறார்கள்.

டோக்கியோவில் 1890-ல் திறந்த இம்பீரியல் ஓட்டலில் இன்னொரு படி மேலே போவார்கள். விருந்தினர் அறையைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும், அவர் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனதை ஒரு நாள் எறியாமல் வைத்திருப்பார்கள். முக்கியமான துண்டுச்சீட்டு ஒன்றைத் தவறிப் போட்டுவிட்டேன் என்று யாராவது பதறிக்கொண்டு போன் செய்தால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காக. இதை முதலில் கேள்விப்பட்டபோது, நீங்கள் எழுதியிருந்த குளிர்ச்சியும் கூச்சமும் எனக்கும் சேர்ந்தே வந்தன.

இந்தத் தொழிலுக்குக் குலதெய்வம் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், சேசார் ரிட்ஸைத்தான் சொல்ல வேண்டும். 1850-ல் சுவிட்சர்லாந்தில் நீடர்வால்ட் என்ற மலைக் கிராமத்தில், ஒரு குடியானவர் வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். வேலை பழகப் போன ஓட்டலிலேயே, இந்தத் தொழில் உனக்கு வராது என்று அனுப்பிவிட்டார்களாம். பிற்பாடு ரிகி மலை உச்சியில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தபோது நடந்ததாகச் சொல்லும் கதை எனக்குப் பிடிக்கும். கடும் குளிர். நாற்பது அமெரிக்கர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மலையேறி வந்துகொண்டிருக்கிறார்கள். கூடத்தைச் சூடாக்கும் அமைப்பு கெட்டுவிட்டது. ரிட்ஸ் என்ன செய்தார்? பெரிய கூடத்தை விட்டுவிட்டு, சிவப்புத் திரை போட்ட சின்ன அறைக்குச் சாப்பாட்டு மேசையை மாற்றினார். பெரிய செப்புப் பாத்திரங்களில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தி வைத்தார். செங்கற்களை அடுப்பில் சுட வைத்து, கம்பளித் துணியில் சுற்றி, ஒவ்வொருவர் காலடியிலும் ஒன்று. அந்த நாற்பது பேரைப் பற்றி அவரிடம் எந்தக் குறிப்பும் கிடையாது. வருகிறவருக்குக் கால் சில்லிட்டிருக்கும் என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

லண்டன் சவாய் ஓட்டலில் சமையல் மேதை எஸ்காஃபியேவோடு சேர்ந்து பெரும் பெயர் வாங்கினார். 1898-ல் பாரீஸ் வாந்தோம் சதுக்கத்தில் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். விளக்கொளியில் பெண்களின் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, தன் மனைவியை மணிக்கணக்கில் உட்காரவைத்து விளக்குத் திரைகளின் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தவர் அவர். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா, அரசருக்கு அவசர அறுவை சிகிச்சை என்று கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. அந்த விழாவுக்காகத் தூங்காமல் ஏற்பாடு செய்திருந்த ரிட்ஸ் அன்று மனமொடிந்து விழுந்தார். 1918-ல் இறக்கும்வரை பழைய மனிதராக எழுந்திருக்கவேயில்லை. அடுத்தவர் சௌகரியத்தையே இருபத்துநான்கு மணி நேரமும் நினைத்துக்கொண்டிருப்பது ஆளைத் தின்றுவிடும் வேலை. அறையில் தங்குகிறவருக்கு இது தெரிவதில்லை, தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடே.

என் கதைக்கு வருகிறேன். 1989-ல் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸில் சேர்ந்தேன். ஓட்டலின் பெயர் வேண்டாம். எங்களிடம் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. மர இழுப்பறைகளில் அகரவரிசைப்படி அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் நாலைந்து பேர் கையெழுத்தில் குறிப்புகள்: ‘லிஃப்ட் பக்கத்து அறை ஆகாது’, ‘காலையில் இரண்டு முறை எழுப்ப வேண்டும்’, ‘காபி டபரா செட்டில்’. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார்: பழைய விருந்தினர் வந்தால், ‘மறுபடி வந்ததில் சந்தோஷம்’ என்று சத்தமாகச் சொல்லிவிடாதே, முதலில் கூட வந்திருப்பது யார் என்று பார். எனக்கு விளங்க ஒரு நாள் ஆனது.

அட்டைகளைச் சில வருடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அதற்குப் பிறகு நடந்தது இது. கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி டிசம்பர் கச்சேரிக்காக வருடா வருடம் வந்து பத்து நாள் தங்குவார்கள். அந்தப் பத்து நாளுக்குள் அவர்கள் கல்யாண நாள் வரும். அந்த வருடமும் கம்ப்யூட்டர் காலையிலேயே நினைவூட்டியது. அன்று பொறுப்பில் இருந்தவன் நான். அறைக்குக் கேக் அனுப்பினேன். இரண்டு பேர் பெயரும் எழுதிய வாழ்த்து அட்டை, இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி. பத்தே நிமிடத்தில் ரூம் சர்வீஸ் பையன் திரும்பி வந்தான். கையில் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி. ‘ஐயா இதை மட்டும் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு’ என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

வாசலுக்கு ஓடினேன். எங்கள் பெல் கேப்டன் முப்பது வருடமாக அதே வாசலில் நின்றவர். ‘இந்த வருசம் ஒரு பெட்டிதான் சார் இறக்கினேன். எப்பவும் ரெண்டு பெட்டி, ஒரு பூக்கூடை. அப்பவே தெரிஞ்சுபோச்சு’ என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். ‘நீங்க கேக்கலையே சார். அந்தப் பொட்டி வந்தப்புறம் எங்கிட்ட யாரு கேக்கறீங்க?’ என்றார். அவர் பொட்டி என்றது கம்ப்யூட்டரை.

அடுத்த வருடம் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். வந்ததும் கல்யாண நாளை ப்ரொஃபைலிலிருந்து நானே அழித்தேன். அன்றைக்கு என்ன செய்யலாம் என்று இந்தத் தடவை பெல் கேப்டனிடம் போய்க் கேட்டேன். ‘ஒண்ணும் செய்யாதீங்க’ என்றார். சாயங்காலம் கச்சேரிக்குக் கார் மட்டும் சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றது. கதவைத் திறந்துவிட்டவர் பெல் கேப்டன். அன்று அவருக்கு வார விடுமுறை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த வாசலில்தான் இருக்கிறது, அம்மா. வாளியை நினைவில் வைக்க இயந்திரம் போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். எதைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தயிர்சாதப் பையன் ‘தாளிக்காமல்தானே’ என்று கேட்டது சரி. ‘போன முறை ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர் கேட்டீர்களே, தூக்கம் வரவில்லையா?’ என்று கேட்டிருந்தால் நீங்கள் அங்கே மூன்றாம் முறை போக மாட்டீர்கள். இரண்டுமே அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

உங்கள் மகன், ‘பாயிண்ட் ஏறும்மா, அதனால இந்த ஓட்டல்தான்’ என்றதாக எழுதியிருந்தீர்கள். அது வேறு சரக்கு. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் மைலுக்குப் புள்ளி கொடுக்க ஆரம்பித்தது. 1983-ல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதே வழியில் இறங்கின. இன்று மேரியட்டின் போன்வாய் திட்டத்தில் மட்டும் 20 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். இதில் உள்ள சூட்சுமம் எளிமையானது: அறை வாடகையைக் கட்டுவது கம்பெனி, பாயிண்ட் ஏறுவது ஊழியர் பெயரில். கம்பெனிக் காசில் எங்கே தங்குவது என்று முடிவு செய்கிறவருக்குத் தரும் சின்னக் கைக்கூலி என்றுகூடச் சொல்லலாம். உங்கள் மகன் கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும் சேர்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளிக்கு மதிப்பு என்ன என்பதை ஓட்டல்காரர்தான் தீர்மானிப்பார். எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று நிலையாக இருந்த அட்டவணையை 2022-ல் மேரியட் எடுத்துவிட்டது. இப்போது கூட்டத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். புள்ளிக்காக வருகிறவர் பக்கத்து ஓட்டலில் இரண்டு புள்ளி கூடுதலாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். அதை விசுவாசம் என்று எழுதிக்கொள்வது கணக்குப்பிள்ளைக்கு வசதி.

1961-ல் டொரன்டோவில் இசடோர் ஷார்ப் ஒரு சாதாரண மோட்டலாகத் தொடங்கிய ஃபோர் சீசன்ஸ், இன்று உலகின் விலை உயர்ந்த ஓட்டல் வரிசைகளில் ஒன்று. அங்கே பாயிண்ட் அட்டையே கிடையாது. அவர்களும் தர்மசத்திரம் நடத்தவில்லை, வாடகையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். ரிட்ஸ்-கார்ல்டனில் இன்னொரு வழி: விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே எந்த ஊழியரும் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம். அந்தத் தொகையை யாரும் தினமும் எடுத்துச் செலவழித்துவிடப் போவதில்லை. ஆனால் தலையணை அடுக்குகிற பையனிடம், ‘உன் புத்திமேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது’ என்று சொல்வதற்கு அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு காபிக்குப் பில் போடாமல் விட மூன்று கையெழுத்து வேண்டும்.

உங்கள் கூச்சத்தைப் பற்றி. அது வெறும் கூச்சமில்லை, நியாயமான பயம். 2018 நவம்பரில் மேரியட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்கள் 2016-ல் வாங்கிய ஸ்டார்வுட் ஓட்டல்களின் முன்பதிவுத் தரவுக்குள் 2014-லிருந்தே யாரோ நுழைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் 50 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்றார்கள், பிறகு 38 கோடிச் சொச்சம் பதிவுகள் என்று குறைத்தார்கள். 50 லட்சத்துக்கு மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் பூட்டில்லாமல் அப்படியே கிடந்தன. பிரிட்டனில் 2020-ல் 1.84 கோடி பவுண்டு அபராதம் போட்டார்கள். உங்கள் வாளியைப் பற்றித் தெரிந்துகொண்டு திருடனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வாளி இருக்கும் அதே பக்கத்தில்தான் நீங்கள் பிறந்த தேதியும் அடையாள அட்டை எண்ணும் இருக்கின்றன. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. திருத்தச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் உரிமை கொடுக்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று முன்மேசையில் கேளுங்கள். தயங்காதீர்கள். கேட்டால் முகம் சுளிக்கிற ஓட்டலுக்கு மகனோடு திரும்பப் போகவேண்டியதில்லை.

ஆனால் என் கவலை பக்கங்களைப் பற்றியதைவிட ஆட்களைப் பற்றியது. கொழும்பில் 1864-லிருந்து இருக்கும் கால்ஃபேஸ் ஓட்டலின் வாசலில் கோட்டரப்பட்டு சாத்து குட்டன் என்று ஒருவர் நின்றார். கேரளத்திலிருந்து பிழைக்கப் போனவர். வெள்ளை உடுப்பு, வெள்ளை மீசை, கூப்பிய கை. 1942-ல் சேர்ந்தவர், 2014-ல் தமது 94-வது வயதில் இறக்கும்வரை அந்த ஓட்டலோடுதான் இருந்தார். திரும்ப வந்த பலர் அவரைப் பார்த்த பிறகுதான் வந்து சேர்ந்ததாகவே நினைத்தார்கள். எழுபது வருடம் ஒரே வாசலில் நிற்பவரை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. இப்போது இரண்டு வருடம் ஒருவன் தங்கினாலே அதிகம். கப்பலிலோ துபாயிலோ வேலை கிடைத்ததும் போய்விடுவான். போகட்டும், நல்ல சம்பளம் அங்கேதான். அவனோடு அவன் தலைக்குள் இருந்ததும் போய்விடும். அந்த ஓட்டை அடைக்கத்தான் ப்ரொஃபைல்.

ஆட்களை நம்பும் ஓட்டலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மும்பை தாஜ் ஓட்டல் 1903-ல் திறந்தது. 2008 நவம்பர் 26 அன்று அங்கே நடந்த பயங்கரவாதத் தாக்குதல் உங்களுக்குத் தெரியும். விருந்தினர்களை வெளியேற்றும் முயற்சியில் ஊழியர்கள் 11 பேர் உயிரை விட்டார்கள். பின்கதவு தெரிந்தவர்கள், நினைத்தால் முதலில் ஓடியிருக்கலாம். ரோஹித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரெய்னா இருவரும் 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதைப் பற்றி எழுதினார்கள். தாஜ் குழுமம் பெருநகரங்களைவிடச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளை எடுக்கும். பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கும். மற்ற ஓட்டல்கள் பன்னிரண்டு மாதம் பயிற்சி கொடுத்தால் இங்கே பதினெட்டு. கம்பெனியின் ஆளாக விருந்தினரிடம் பேசாதே, விருந்தினரின் ஆளாகக் கம்பெனியிடம் பேசு என்று பழக்குவார்கள். உயிரைக் கொடுத்ததை மேலாண்மைப் பாடமாக்குவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இருந்தாலும் அந்தக் கட்டுரையில் ஒரு சின்னத் தகவலை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். விருந்தினர் ஓர் ஊழியரைப் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதினால், 2001-லிருந்து அங்கே அதற்கு மதிப்பெண் உண்டு. 48 மணி நேரத்துக்குள் ஓட்டல் குழு முடிவு சொல்லாவிட்டால் மதிப்பெண் தானாகவே சேர்ந்துவிடும். அவர்களுக்கும் ஒரு பாயிண்ட் கணக்கு இருக்கிறது, பாருங்கள்.

மற்ற நல்ல ஓட்டல்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. ‘எல்லாம் நன்றாக இருந்தது’ என்று எழுதினால் அது மேலாளர் மேசையோடு நின்றுவிடும். பெயரோடு எழுதினால் அடித்தளத்தில் ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் பலகையில் ஒட்டுவார்கள். எனக்கு ஒருமுறை ஒட்டினார்கள், அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் வாளி இருக்கிறது, சொம்பு இருக்கிறது, தாளிக்காத தயிர்சாதம் இருக்கிறது. அதை எடுத்து வைத்தவர் பெயர் இல்லை. ‘ஒரு பையன்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அறை சுத்தம் செய்ய வருகிறவன் சட்டையில் இடது பக்கம் பார்த்தால் சின்னத் தகடு ஒன்று இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்